கொக்கி காலியாக இருந்தது

அம்மா அவர்களுக்கு,

புதன்கிழமை நீதிபதியின் அறையில் ஏழு பேர் இருந்தோம். மின்விசிறிக்கு நேர் கீழே நீதிபதி. அவருக்கு இடப்பக்கம் தட்டச்சு செய்கிறவர். எதிரே எங்கள் கிடங்கு சூப்பர்வைசர், கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு. அவருக்குப் பின்னால் அவர் மனைவியும் ஒரு காவலரும். ஜன்னலோரம் நீங்கள், பக்கத்தில் நான். நீங்கள் கேட்பதற்கு முன்பே தண்ணீர் டம்ளரை நீட்டினேன். "நல்லா இருப்பா" என்றீர்கள்.

அடுத்தவர் உடம்பில் என்ன நடக்கிறது என்பது எனக்குத் தெரிந்துவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வகுப்பில் எவனாவது அடி வாங்கினால் என் கை எரியும். மீன் கிடங்கில் சேர்ந்த முதல் வாரம் ஒருவன் கதவிடுக்கில் விரலை நசுக்கிக்கொண்டான்; அழுதது நான். அன்றைக்குத்தான் உங்கள் மகன் எனக்குக் "கண்ணீர் டேங்க்" என்று பெயர் வைத்தான். "என்னடா டேங்க், இன்னிக்கு யாருக்கு ஒப்பாரி? பெட்டியில படுத்திருக்கிற மீனுக்கா?" என்பான். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

அந்த அறையில் நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. "உள்ள ஆள் இருக்கானான்னு பாக்காம எப்படிங்க பூட்டினீங்க?" சூப்பர்வைசர் ஒரே பதிலை நான்கு முறை சொன்னார். "கொக்கியப் பாத்துட்டுத்தாம்மா பூட்டினேன். காலியா இருந்துச்சு."

அவர் சொன்னது உண்மை. இந்தக் கடிதத்தின் பொருள் அதுதான்.

எங்கள் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். ஃப்ரீசர் அறைக்குள் போகிறவன் தன் நம்பர் போட்ட தகர டோக்கனைக் கதவுக்கு வெளியே உள்ள கொக்கியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். வந்ததும் எடுத்துச் சுவர்ப் பலகையில் மாட்ட வேண்டும். உள்ளே பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். விசிறி இரைச்சலில் கூப்பிட்டாலும் கேட்காது, போனும் எடுக்காது. அதனால் பூட்டும்போது யாரும் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை, கொக்கியைத்தான் பார்ப்போம். உள்பக்கக் கைப்பிடி பனி பிடித்து இறுகிவிட்டது என்று இரண்டு முறை புகார் எழுதிக் கொடுத்தேன். எங்கள் ஊர்ப் பள்ளியில் சொல்லிக் கொடுத்தபடி தேதி, பொருள், பணிவான வேண்டுகோள் எல்லாம் போட்டு. "அடுத்த மாசம் பாக்கலாம்பா" என்றார் சூப்பர்வைசர். அந்த இரண்டு தாளும்தான் இன்று அவருக்கு எதிரான சாட்சி.

என் அக்கா மூன்று வருடமாக என்னோடு பேசுவதில்லை. ஏன் என்பது இங்கே வேண்டாம். மன்னிப்புக் கேட்டு அவளுக்கு எழுதிய கடிதம் என் சட்டையிலிருந்து விழுந்துவிட்டது. உங்கள் மகன் சாப்பாட்டு அறையில் பெஞ்சு மேல் ஏறி நின்று அதை அழுகைக் குரலில் வாசித்தான். பதினாறு பேர் சிரித்தார்கள்.

நான் கை ஓங்கவில்லை. பேருந்தில் போக வர நாற்பது நிமிடம், மனசுக்குள் மட்டும் செய்து பார்த்தேன். முதல் நாள் கதவு. அடுத்த நாள் டோக்கன். நினைப்பதால் யாருக்கு என்ன கெட்டுப்போகிறது? நினைத்த நாட்களில் நன்றாகத் தூக்கம் வந்தது. ஒரு இடம் மட்டும் பிடிபடவில்லை, உள்ளே இருப்பவனுக்கு எப்படி இருக்கும் என்பது. ஒரு மதியம் கோட்டைக் கழற்றிவிட்டு உள்ளே பதினோரு நிமிடம் நின்றேன். முதலில் காது, பிறகு பல். அதற்கப்புறம் ஒரு சோம்பல் வருகிறது, சுகமாகக்கூட இருக்கிறது. அவன் ரொம்பக் கஷ்டப்பட மாட்டான் என்று தெரிந்ததில் எனக்கு ஆறுதல்.

மூன்றாவது வாரம் அவன் இரண்டு டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "டேய், அன்னிக்கு ரொம்ப ஓவராப் போயிட்டேன்டா. மனசுல வெச்சுக்காத. ஞாயித்துக்கிழம வீட்டுக்கு வா, அம்மா உன்னப் பாக்கணும்னு சொல்லுச்சு." மனசாரத்தான் சொன்னான். அதெல்லாம் எனக்குத் தெரிந்துவிடுமே. "விடுடா, பரவாயில்ல" என்றேன். கோபம் அன்றோடு போய்விட்டது. ஆனால் அதற்குள் எல்லாவற்றையும் யோசித்து முடித்திருந்தேன் அம்மா. எதையும் அரைகுறையாக விட்டு எனக்குப் பழக்கமில்லை.

அந்தச் சனிக்கிழமை அரை நாள் வேலை. கடைசிப் பெட்டியை வைக்க அவன் உள்ளே போனான். அவன் டோக்கனைக் கொக்கியிலிருந்து எடுத்துப் பலகையில் மாட்டினேன். சூப்பர்வைசர் சாவியோடு வந்தார்.

"எல்லாரும் வந்தாச்சா?"

"வந்தாச்சு சார்."

கொக்கியைப் பார்த்தார், பூட்டினார், போனார். நான் திரும்பி வந்து கதவில் காதை வைத்தேன். பெட்டியால் இடித்தான் போலிருக்கிறது. ஒவ்வொரு இடிக்கும் என் விலா வலித்தது. அது நிற்கும் வரைக்கும் அங்கேயே நின்று அழுதேன். ஈரமில்லாதவன் அழுவானா?

மறுநாள் அழைத்தபடியே வீட்டுக்கு வந்தேன். "நேத்திலேருந்து ஆளக் காணோம்பா" என்றீர்கள். உங்களோடு மூன்று மருத்துவமனை ஏறி இறங்கினேன். திங்கட்கிழமை அவனைத் தேடிக் கிடங்குக்கு வந்து, கதவு திறந்தபோது உங்களைத் தாங்கிப் பிடித்ததும் நான்தான்.

வருகிற திங்கட்கிழமை காலை சூப்பர்வைசருக்குத் தீர்ப்பு. ஐந்து வருடம் போடுவார்கள் என்கிறார்கள். அவர் மனைவியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நீதிபதிக்கே அனுப்பலாம்தான். ஆனால் முதலில் தெரிய வேண்டியவர் நீங்கள்.

இன்று வெள்ளிக்கிழமை. அவசர அஞ்சல் என்றால் நாளைக்கே வந்துவிடும். சாதாரணத் தபால் செவ்வாய்க்கிழமைதான். சாதாரணத் தபாலிலேயே போடுகிறேன். தீர்ப்பைக் கேட்டு ஒரு நாளாவது உங்கள் நெஞ்சு ஆறட்டும். அந்த நிம்மதியைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. படிக்கும்போது நீங்கள் தனியாக இருக்கக் கூடாது என்று செவ்வாய்க்கிழமை விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். எதிர் டீக்கடையில் இருப்பேன். உங்கள் வாசல் அங்கிருந்து நன்றாகத் தெரியும்.

உறையை ஒட்டிவிட்டேன். இது அதன் பின்பக்கம், தபால் பெட்டி மேல் வைத்து எழுதுகிறேன். போட்டுவிடுகிறேன். அவசரமில்லை அம்மா, மெதுவாகப் பிரியுங்கள்.