இரைச்சல் நீக்கம்

பழைய டேப்பைக் கேட்பதற்கு முன்னால் அதை மெல்லிய சூட்டில் வாட்ட வேண்டும். டேப்பைப் போய் யாராவது அடுப்பில் வைப்பார்களா என்று எல்லோரும் சிரிப்பார்கள். நீங்களும் சிரிக்கலாம் வக்கீலம்மா, தப்பில்லை. வருஷக்கணக்கில் ஈரம் குடித்த டேப் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். ஓடவிட்டால் கீச்சென்று கத்தும். பழம் உலர்த்துகிற மின்பெட்டியில் வைத்துப் பொறுமையாக வாட்டினால் கொஞ்ச காலத்துக்குச் சமர்த்தாக ஓடும். அதற்குள் கணினியில் ஏற்றிவிட வேண்டும். என் அளவுக்குப் பதமாக டேப் வாட்டுகிறவர்கள் இந்தத் தொழிலில் குறைவு. என் அக்கா மகள் இதையெல்லாம் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். என் மேல் வழக்குப் போட வந்தவள் என் பெருமையையா பாடுவாள்?

நீங்கள் கேட்டதற்கு ஒளிவுமறைவு இல்லாமல் பதில் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

என் அக்காவுக்குக் கல்யாணமான புதிதில், அவளும் அத்தானும் ஒரு ராக் குழுவின் கச்சேரிக்குப் போனார்கள். இன்றைக்கு அந்தக் குழுவைச் சகாப்தம் என்கிறார்கள். அன்றைக்கு அரங்கில் பாதி நாற்காலி காலி. குழுவின் மேலாளர் பதிவுக் கருவியை மறக்காமல் தூக்கி வந்தார், டேப்பை மட்டும் மறந்துவிட்டார். அத்தான் தையல்காரர். தன் கோட்டுக்குள் ரெக்கார்டர் உட்காரும் அளவுக்கு ஒரு பை தைத்து, மைக்கைக் காலருக்கு அடியில் நீட்டிவைத்து, முழுக் கச்சேரியையும் திருட்டுத்தனமாகப் பதிவு செய்தார். அந்தக் கச்சேரிக்கு உலகத்தில் இருந்தது அந்த ஒரு டேப்தான்.

மகள் தவழ ஆரம்பித்த சமயத்தில் அக்கா போய்விட்டாள். காய்ச்சல் என்று படுத்தவள், எழுந்திருக்கவில்லை. போட்டோ இருக்கிறது, துணிமணி இருக்கிறது, குரல் மட்டும் எங்கேயும் இல்லை. அந்த டேப்பில்தான் இருந்தது. முதலில் அதைக் கேட்கிற தைரியம் அத்தானுக்கு இல்லை. தைரியம் வந்தபோது டேப் கீச்சிட்டது. அறுந்துவிடுமோ என்று பயந்து உள்ளே வைத்துவிட்டார்.

இப்படி ஒரு டேப் இருக்கிறது என்ற பேச்சு கடைசியில் கம்பெனிக்காரர் காதில் விழுந்தது. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பொட்டலம். எந்தப் பழைய பாட்டையும் புது அட்டையில் கட்டி, நான்கு போட்டோ சொருகி, "முதல்முறையாக" என்று அச்சடித்து விற்றுவிடுவார். அந்தப் பதிவைத் துடைத்து மெருகேற்றி இசைத்தட்டாக வெளியிட வேண்டும் என்று என்னிடம் வந்தார். நான் அத்தானிடம் போனேன்.

அத்தான் தையல் மிஷினை நிறுத்திவிட்டு டேப்பை எடுத்துவந்து என் கையில் வைத்தார். "டேய், பாட்டை எல்லாம் நீங்க என்ன வேணா பண்ணிக்கங்க. உங்கக்கா என் பக்கத்துலயே நின்னு கச்சேரி முழுக்கப் பாடிட்டே இருந்தா. அவ குரல மட்டும் பாப்பாவுக்குத் தனியா எடுத்துக் குடுத்துடு. அது அம்மா குரல ஒரு தடவகூடக் கேட்டதில்லடா."

பாப்பா என்று அவர் சொன்னது உங்கள் கட்சிக்காரியைத்தான். அவளுக்கே இப்போது தலையில் ரெண்டு நரை.

"இதெல்லாம் ஒரு வேலையா அத்தான்?" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

வேலை ஆரம்பித்தது. அக்கா மைக்குக்கு ஒரு முழம் தூரத்தில் இருந்திருக்கிறாள். சகாப்தத்தைவிட அவள்தான் தெளிவாக விழுந்திருந்தாள். எல்லாப் பாட்டையும் பாடினாள். பாடகர் ஒரு பக்கம் போக, அவள் இன்னொரு பக்கம் போனாள். காசு கொடுத்து வாங்குகிறவன் யாரோ வீட்டுப் பெண் பாடுவதைக் கேட்கவா வாங்குகிறான்? அதனால் அவளை எடுத்தேன். எங்கள் தொழிலில் அதற்கு இரைச்சல் நீக்கம் என்று பெயர்.

மற்றவர்களுக்கும் உரிய மரியாதை செய்தேன். டிரம்ஸ்காரர் பஸ் பிடிக்கிற அவசரத்தில் வாசித்திருந்தார், நிதானப்படுத்தினேன். பாடகர் அன்றைக்கு நல்ல போதை. அவர் சுருதியை ஒரு மென்பொருள் இழுத்துப் பிடித்து நேராக உட்கார வைத்தது. பொட்டலம் வந்து கேட்டுவிட்டு, "சார், கூட்டம் பத்தலியே, கொஞ்சம் ஜனத்தப் போடுங்க சார்" என்றார். என்னிடம் ஒரு கால்பந்து மைதானக் கூச்சல் இருந்தது. கோல் விழுந்ததற்குக் கத்திய ஜனம் இப்போது கிதாருக்குக் கத்துகிறது. அந்த அரங்கில் இல்லாத ஆயிரக்கணக்கான பேரைச் சேர்த்தேன், இருந்த ஒருத்தியை எடுத்தேன். "ஒளிவில்லாத நேர்மையான பதிவு" என்று பத்திரிகைகள் எழுதின.

அத்தானிடம் போய், அக்கா குரல் டேப்பில் விழவே இல்லை என்று சொன்னேன்.

"விழலயா? பாடினாளேடா. என் காதுக்குள்ளயே பாடின மாதிரி இருந்துதே."

"உங்களுக்கு அப்படித் தோணியிருக்கும் அத்தான். எவ்வளவு வருஷம் ஆச்சு."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப நாந்தான் தப்பா நெனச்சிட்டிருக்கேன் போல" என்றார். என்னைச் சும்மா அலைய வைத்துவிட்டதாக வருத்தப்பட்டு டீ போட்டுக் கொடுத்தார். மகளைக் கூப்பிட்டு, "அம்மா பாடினான்னு உன்கிட்ட சொன்னேன்ல, அது எனக்கே சரியா ஞாபகம் இல்லம்மா, மன்னிச்சுக்க" என்று சொல்லியிருக்கிறார். இசைத்தட்டு வெளிவருவதற்குள் அவரும் போய்ச்சேர்ந்தார். கடைசிக் காரியங்களை எல்லாம் நான்தான் முன்னால் நின்று பார்த்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் மாட்டிக்கொண்டது என் திறமையால்தான். வேலை நடந்துகொண்டிருந்தபோதே, விளம்பரத்துக்கு ஒரு சின்னத் துண்டு வேண்டும் என்று பொட்டலம் கேட்டு வாங்கியிருந்தார். துடைப்பதற்கு முன் எப்படி இருந்தது, பின் எப்படி ஆனது என்று அடுத்தடுத்துக் காட்டுவது எங்கள் ஆட்களுக்கு ஒரு சபலம். வித்தையைக் காட்டுவதென்றால் சுலபமான இடத்தையா காட்டுவது? அக்கா குரல் தூக்கலாக இருந்த இடத்தைத்தான் தேர்ந்தெடுத்தேன். "முன்" என்பதில் அவள் இருந்தாள், "பின்" என்பதில் இல்லை. சுவடே தெரியவில்லை. எனக்கே புல்லரித்தது.

அதைக் கேட்டுவிட்டுக் குழுவின் பாடகர் போன் செய்தார். "யாருப்பா அந்தப் பொண்ணு? அதுதான் சரியான சுருதில பாடுது. நான்தான் கண்டபடி போறேன்" என்று சிரித்தார். வயதாகிவிட்டது அவருக்கு, காது மந்தம்.

மறுநாள் அக்கா மகள் என் ஸ்டூடியோவுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. போனை நீட்டி "முன்" என்பதைப் போட்டாள். முடிந்ததும் திரும்பப் போட்டாள்.

"இது யாரு மாமா?"

"யாரோ ரசிகைம்மா."

"என் குரல் மாதிரியே இருக்கு மாமா."

நான் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"மீதி எங்க மாமா? மொத்தத்தையும் குடுங்க. இசைத்தட்டு நல்லா வரணும்னு எடுத்துட்டீங்க, சரி. அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. எடுத்தத எங்க வெச்சிருக்கீங்க?" அவள் அழுதுகொண்டே கேட்டாள், கெஞ்சித்தான் கேட்டாள். கணினி பழுதாகிவிட்டது என்றேன். அவள் நம்பவில்லை, உங்களிடம் வந்துவிட்டாள்.

சரி, எடுத்தது எங்கே என்று நீங்களும் கேட்கிறீர்கள்.

எதை நீக்கினோமோ அதை மட்டும் தனியாகக் கேட்பதற்கு எங்கள் கருவியில் வழி உண்டு. அப்படித்தான் அவள் குரலை மகளுக்காகப் பிரித்துக்கொண்டிருந்தேன். சொன்ன வாக்கைக் காப்பாற்றத்தான் உட்கார்ந்தேன், நம்புங்கள். பாட்டு, கிதார், கூட்டம் எல்லாம் விலகி, அறையில் அக்கா மட்டும் பாடினாள். எனக்குக் கண்கூடக் கலங்கியது. இரண்டு பாட்டுக்கு நடுவே அவள் அத்தானிடம் குனிந்து பேசினாள். அப்போது நானும் கிதார் வாசித்துக்கொண்டிருந்த காலம். கிதார் வாங்கித் தந்தவள் அவள்தான். நான் வாசித்த இடத்துக்கெல்லாம் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியவளும் அவள்தான்.

"இவங்கள மாதிரி வரணும்னு தம்பி உயிர விடறான். அவனுக்கு சுருதியே புடிபடலைங்க. பாவம், யாரு போய்ச் சொல்றது? நீங்க எதாவது சொல்லிடாதீங்க, மனசு ஒடஞ்சிடுவான். நல்ல புள்ள."

நல்ல புள்ளயாம். எனக்குக் கோபம் வந்தது, வக்கீலம்மா. செத்துப்போனவள் மேல் கோபப்படக்கூடாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் வந்தது. அந்த வாக்கியத்தை மட்டும் வெட்டிவிட்டு மீதியைக் கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். அதற்கு ஒரு நொடி ஆகியிருக்கும். வெட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு பாட்டிலும் அவள் அதையே சொல்கிற மாதிரி இருந்தது.

பிரித்ததை அழித்தேன். கணினியில் ஏற்றிய மூலத்தையும் அழித்தேன். டேப்பை, பதிவை அழிக்கிற காந்தப்பெட்டியின் மேல் வைத்து, நிதானமாகத் திருப்பித் திருப்பி, ஒரு முனகல்கூட மிச்சமில்லாமல் துடைத்தேன். கைதவறவில்லை, கணினி பழுதாகவில்லை. நான்தான் செய்தேன். என் அக்கா மகளுக்கு அந்த விளம்பரத் துண்டு இருக்கிறதே, அதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? போடுகிறேன். அதற்கு முன்னால் ஒரே ஒரு வேண்டுகோள், அந்த இசைத்தட்டை ஒருமுறை நல்ல ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள். கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள், சுருதி பிடிபடாதவன் செய்கிற வேலையா அது?