நியூட்ரல் என்று சொன்னேன்

கையில் இருப்பது கிரீஸ்தான் ஐயா. சோப்புக்கு மசியாது, மண்ணெண்ணெய் வேண்டும். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நான் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலாளியின் பழைய காரைப் பத்தொன்பது வருடமாக நான்தான் பார்க்கிறேன். என்னைவிட இருபது வயது மூத்த வண்டி. கார்புரேட்டரில் தூசு அடைத்தால் இருமும், வால்வு தளர்ந்தால் தட்டும். வாசலில் நின்றே இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். விருந்தாளிகள் வந்தால் முதலாளி என் தோளில் கை போட்டு, "இந்த இன்ஜின் மேல இவன் கையைத் தவிர வேற கை படாது" என்பார். என்னைப் பெற்றவன்கூட என் தோளில் கை போட்டதில்லை.

ஐந்து வருடத்துக்கு முன் ஒரு தப்பு நடந்தது. பழைய கார்களின் அணிவகுப்புக்குப் போகும் வழியில் ரேடியேட்டர் கொதித்தது. முதலாளி கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். கொதிக்கிற இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது தொழிலுக்கு வந்து ஒரு வாரமானவனுக்கும் தெரியும். நான் ஊற்றினேன். இன்ஜின் பிளாக்கில் 'டிக்' என்று ஒரு சத்தம். விரல் நீளத்துக்கு விரிசல். அன்று எப்படியோ சமாளித்து ஓட்டிவந்து, இரும்புப் பசையால் அடைத்து, மேலே பெயின்ட் பூசினேன். யாரிடமும் சொல்லவில்லை.

போன மாதம் என் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. இந்த வண்டியை முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். "என் தம்பியைக் கூட்டிட்டுப் போங்களேன், அவனும் மெக்கானிக்தானே" என்றாள் வீட்டுக்காரி. மச்சினன் நல்லவன், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். நேற்றுக் காலை வந்ததும் மண்ணெண்ணெய் விட்டுக் கம்பி பிரஷ்ஷால் பிளாக்கைத் தேய்த்தான். பெயின்ட் உரிந்தது.

"என்ன மாமா, சொத்தைப் பல்லை அடைக்கிற மாதிரி அடைச்சிருக்கு. எந்தப் புண்ணியவான் வேலை இது?"

என் முகத்தைப் பார்த்ததும் அவன் சிரிப்பு நின்றது.

"முதலாளிகிட்ட சொல்லிடுங்க மாமா. அடுத்த வாரம் பேரப்பிள்ளைங்களை ஏத்திட்டுப் போறாராம். வழியில பிச்சுக்கிச்சுன்னா கொதிதண்ணி யார் மூஞ்சில அடிக்கும்? நீங்க சொல்லலைன்னா நான் சொல்றேன்."

"கிளப்பிக் காட்டறேன். சத்தத்தைக் கேட்டுட்டு அப்புறம் பேசு" என்றேன்.

"பொண்டாட்டியைக்கூட இப்படித் தாங்க மாட்டீங்க. அக்கா பாவம்" என்று ஹேண்டிலை எடுத்துக்கொண்டான்.

கொட்டகையில் வண்டியின் மூக்குக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் குனிந்து நிற்கத்தான் இடம். அதனால் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி எந்தக் கியரிலும் இல்லை என்பதற்கு அடையாளமாகச் சீட்டில் இருப்பவன் "நியூட்ரல்" என்று குரல் கொடுக்காமல் முன்னால் இருப்பவன் ஹேண்டிலைத் தொட மாட்டான். குரல் வந்துவிட்டால் எட்டிப் பார்க்கவும் மாட்டான். பார்த்தால் அது சீட்டில் இருப்பவனுக்கு அவமானம்.

நான் ஹேண்ட் பிரேக்கை இறக்கி, கிளட்ச்சை மிதித்துக்கொண்டு, முதல் கியரைப் போட்டேன். "நியூட்ரல்" என்றேன்.

ஒரே சுற்றில் பிடித்தது. அவன் நிமிர்ந்து, "சும்மா சொல்லக் கூடாது மாமா, நல்லாத்தான் வச்சிருக்கீங்க" என்றான். அதைக் கேட்டுக்கொண்டேதான் கிளட்ச்சிலிருந்து காலை எடுத்தேன்.

நேற்று உங்களிடம் கால் வழுக்கியது என்றேன். அது பொய். ஆனாலும் நான் கொலைகாரன் இல்லை ஐயா. அவன் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அவன் பிள்ளைகள் இரண்டையும் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான். வண்டி பாய்ந்து அவனைச் சுவரோடு வைத்து முட்டியதும் இன்ஜின் திணறியது, அணையப் பார்த்தது. அப்போதே விட்டிருந்தால் இடுப்பெலும்பு முறிவோடு தப்பியிருப்பான் என்று டாக்டர் சொன்னதாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் அது அணைந்திருந்தால், நான் பார்த்த இன்ஜினில் இழுவை இல்லை என்றல்லவா ஆகியிருக்கும். அதனால்தான் ஆக்சிலேட்டரை மிதித்தேன்.