குருவிமலைப் பாறைக்கு ஒரு பூசை

ராகலையிலிருந்து நுவரெலியா போகும் பஸ்ஸில், தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டால் எனக்குக் காது நன்றாகக் கேட்கும். அன்று முன் சீட்டில் ஒரு தாயும், பல்கலைக்கழகக் கம்பஸில் பாறைகளைப் பற்றிப் படிக்கும் மகளும்.

“அம்மா, நம்ம பாறைக்கு இனி குருவிமலைன்னு பேரு இல்ல.”

“ஏன், யாரு தூக்கிட்டுப் போனா?”

“பாறை அங்கதான் இருக்கு. புதுசா ஒரு இரும்புப் பாறை அடுக்கு கெடச்சா, கெடச்ச ஊரோட பேர வைப்போம். அப்படித்தான் இதுக்கு நம்ம ஊரு பேர வச்சோம். நம்மளது மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அடுக்கோட தொடர்ச்சியாம். அதுக்கு முன்னமே பேரு வச்சிட்டாங்க. மூத்த பேருதான் நிக்கும்.”

“நாளைக்கு நன்றிப் பூசைக்கு எழுதிக் கொடுத்திருக்கேன்டி. ‘குருவிமலைப் பேரு உலகமெல்லாம் போகுது’ன்னு ஃபாதர் வாசிக்கப் போறாரு. நம்ம லயத்து வீடு அத்தனையும் வருது.”

“நிப்பாட்டும்மா. மானம் போயிரும்.”

“எழுதிக் கொடுத்த பூசைய நிப்பாட்டுறதா? நல்லா இருக்கு.”

அம்மா உடனே கோயில் உபதேசியாருக்குப் போன் போட்டார்.

“ஐயா, நம்ம நன்றிப் பூசைய இறந்தவங்க பூசையா மாத்திருங்க. எங்க பாறையோட பேரு செத்துப்போச்சுங்க. ஆமாங்க, பேருதான். வயசா? இருங்க, கேக்குறேன்.”

தூங்குகிறவன் சிரிக்கக் கூடாது என்பதால் நான் குறட்டை விட்டேன்.

“பாறைக்கு இருநூறு கோடி வருஷம் இருக்கும்,” என்றாள் மகள், முகத்தைக் கையால் மூடிக்கொண்டு. “பேருக்கு ஆறு மாசம்.”

“ஆறே மாசங்க ஐயா. அற்ப ஆயுசு.”