பெட்டியில் விளக்கு எரியவில்லையே, சார்

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அவர்களே, அனுபவத்தில் மூத்த பெரியோர்களே, உதிரம் தந்து உயிர் காக்கும் உத்தமர்களே, பிள்ளைகளை ஏந்தி வந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

விரைந்து வேலை செய்யும் இரத்த வங்கி என்று விருது தந்தீர்கள். வாங்கியவன் கூனிக் குறுகி நிற்கிறேன். யாரது சிரிப்பது? வயசாச்சு என்கிறீர்களா? வயசும் ஆச்சு, வெட்கமும் ஆச்சு!

எங்கள் இரத்த வங்கி அறையில் கணினி இரண்டு. கீபோர்டு ஒன்று, மவுஸ் ஒன்று. நடுவில் ஒரு சின்ன சுவிட்ச் பெட்டி. பொத்தானை அழுத்தினால் ஒரு கணினியிலிருந்து மற்றதற்கு மாறும். ஒன்றில் இருப்புப் பட்டியல், மற்றதில் இரத்தப் பைக்கு ஒட்டும் லேபிள். லேபிள் இல்லாத பை வாசலைத் தாண்டக் கூடாது.

அன்று நண்பகல். பிரசவ அறையில் ஒரு தாய்க்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. இரண்டு பை கேட்டு நர்ஸ் ஓடி வருகிறார். தட்டுகிறேன், எழுத்து வரவில்லை. நகர்த்துகிறேன், அம்புக்குறி நகரவில்லை. பொத்தானை அழுத்து அழுத்தென்று அழுத்துகிறேன். பழி போட ஆள் தேடியது என் வாய்.

அறையைத் துடைக்கும் அம்மா பக்கத்தில் நின்றார். "துடைக்கிறேன் துடைக்கிறேன்னு தண்ணிய ஊத்தித் தொலைச்சிட்டியா?" ஆறு பேர் முன்னால் கத்தினேன். அழுதாரா? இல்லை. சண்டைக்கு வந்தாரா? இல்லை.

"சார், அந்தப் பெட்டியில விளக்கே எரியலையே. கொஞ்ச முன்னாடி போன் சார்ஜ் போட நீங்கதானே அதோட ஒயரப் பிடுங்குனீங்க?"

ஐயோ, பிடுங்கியவன் நானேதான்! சொருகினேன். அப்போதும் லேபிள் கணினி மசியவில்லை.

"எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க சார். முதல்ல பெட்டிய போடுங்க, விளக்கு வரட்டும், அப்புறம் கம்ப்யூட்டர். போன தடவை மெக்கானிக் அப்படித்தான் பண்ணாரு. துடைச்சுக்கிட்டே பாத்தேன்."

செய்தேன். எழுத்து வந்தது, லேபிள் வந்தது, பை பறந்தது!

முன்வரிசைத் தாயே, குழந்தை அழுகிறதென்று வெளியே தூக்கிப் போகாதீர்கள். அழட்டும், நன்றாக அழட்டும்! அன்று பிறந்த பிள்ளை அல்லவா அது? அம்மா மடியில் இருந்துகொண்டு அழுகிறதே, அது போதும் எனக்கு.

திட்டியது ஆறு பேர் முன்னால். நன்றி சொன்னதோ ஆளில்லாத வராண்டாவில், அதுவும் முணுமுணுப்பாக. இது ஒரு நன்றியா? சொல்லுங்கள், இது ஒரு நன்றியா?

கடைசி வரிசையில் ஒளிந்து உட்கார்ந்திருக்கும் அம்மா, இந்த மன்றமே கேட்கச் சொல்கிறேன். தவறு என்னுடையது. காப்பாற்றியது நீங்கள். விருதும் உங்களுடையது. "அட, விடுங்க சார்" என்று கை காட்டுகிறார். விட மாட்டேன் அம்மா! நீங்கள் மேடைக்கு வரும்வரை இந்த மைக்கை விட மாட்டேன்.

வருகிறார்! பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நெஞ்சார்ந்த நன்றி. எழுந்து கை தட்டுங்கள், மேடையில் என் இருக்கையில் இனி அவர் அமரட்டும். நான் நின்றபடியே வணங்குகிறேன்.