பாதி கேன்

– முந்தாநாள் பிடிச்ச கேனையும் வேண்டாம்னுட்டாங்க. இதோட மூணு தடவை ஆச்சு. இந்தாங்க, புதுக் கேன். மறுபடி முதல்லேருந்து பிடிக்கணுமாம்.

– எதுக்காம்?

– அந்த லேப் பொண்ணு நேராவே கேட்டுட்டா, "உங்க வீட்டுக்காரருக்கு ஒரு நாள்னா எத்தனை மணி நேரம்னு தெரியுமா"ன்னு. வரிசையில நின்ன எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க. எனக்கு மானமே போச்சு.

– சரி விடு. அவங்களுக்கு வேற வேலை இல்ல.

– எப்படிங்க விடறது? காலையில எழுந்ததும் போற மூத்திரத்தைக் கழிச்சுட்டு, அதுக்கப்புறம் மறுநாள் காலை வரைக்கும் பிடிக்கணும்னு படிச்சுப் படிச்சு சொன்னாங்க. முதல் தடவை அதையும் சேத்துப் பிடிச்சீங்க. ரெண்டாவது தடவை, சைட்டுல போனப்ப மறந்துட்டேன்னீங்க. அதனாலதான் இந்தத் தடவை லீவு போட வச்சேன்.

– லீவு போட்டு நான் என்ன படுத்தா கிடந்தேன்? மக்குல பிடிக்கிறதும் கேன்ல ஊத்துறதுமா இருந்தேன். கெடாம இருக்க லேப்ல கேன் அடியில ஊத்திக் கொடுத்த ஆசிட் வேற. எங்க தெறிச்சுடுமோன்னு மூஞ்சிய திருப்பிக்கிட்டு ஊத்தினது எனக்குல்ல தெரியும்.

– அதை பஸ்ஸுல மடியில வச்சுக்கிட்டுப் போனது நான். பக்கத்து சீட்டு அம்மா, "நல்ல எண்ணெயா, எங்க வாங்கினீங்க"ன்னு கேக்குறாங்க. இவ்வளவும் பட்டு, கேன் பாதிகூட ரொம்பலையே, ஏன்?

– தண்ணி கம்மியா குடிச்சிருப்பேன்.

– அதையும் கேட்டுட்டுதான் வந்தேன். கிரியாட்டினின்னு ஒண்ணு பாப்பாங்களாம். தண்ணி கம்மியா குடிச்சாலும் ஒரு நாளைக்கு அது இவ்வளவுன்னு போயே தீருமாம். உங்களுதுல பாதிதான் இருக்கு. நடுவுல எங்கயோ கொட்டியிருக்காருன்னு அடிச்சுச் சொல்றா.

– சரி, நாளைக்கு மறுபடி பிடிச்சுத் தர்றேன், விடு.

– அந்தக் கையைக் காட்டுங்க. இப்பக்கூட விரல் இழுத்துக்கிட்டுதானே இருக்கு? போன மாசம் கிரேன் மேல லிவரைப் பிடிச்ச கை பிடிச்சபடியே மடங்கிப் போச்சு. கம்பிக் கட்டு அந்தரத்துல ஆட, கீழ இருந்தவங்க சிதறி ஓடினாங்கன்னு மேஸ்திரியே வந்து சொன்னாரு. உடம்புல மெக்னீசியம் சுத்தமா இறங்கிடுச்சு, அது எந்த வழியா போகுதுன்னு தெரிஞ்சாதான் சரியான மருந்துன்னு டாக்டர் சொன்னாரு. அதுவரைக்கும் உங்களை ஸ்டோர் ரூம்ல ஆணிப் பெட்டி அடுக்க விட்டிருக்காங்க. இதெல்லாம் உங்களுக்கு விளையாட்டா இருக்கா?

– விளையாட்டு இல்ல.

– பின்ன ஏன் கொட்டினீங்க?

– பாப்பா வீட்டுல இருக்காளா?

– மைதானத்துக்குப் போயிருக்கா. சொல்லுங்க.

– அன்னைக்கு நீ மருந்து வாங்கப் போனப்ப டாக்டர் எங்கிட்ட விசாரிச்சாரு. நெஞ்செரிச்சல் மாத்திரை விடாம சாப்பிடறீங்களா, வயித்தால போகுதான்னு, அதுலயும் மெக்னீசியம் இறங்குமாம். ரெண்டும் இல்லன்னேன். அப்ப மூத்திரத்துல போகுதான்னு பாக்கணும், அப்படிப் போனா அது பரம்பரையா வர்ற கிட்னிக் கோளாறா இருக்கலாம், பிள்ளைங்களையும் பாக்க வேண்டியிருக்கும்னாரு.

– இதை ஏங்க எங்கிட்ட சொல்லல?

– சொன்னா நீ சும்மா இருப்பியா? நாலு வருஷமா பாப்பா ஓடி, கயிறு ஏறி, இப்பதான் தீயணைப்பு வேலை லிஸ்ட்டுல அவ பேர் வந்திருக்கு. அடுத்த மாசம் அவளுக்கு மெடிக்கல். அப்பனோட கோளாறு பொண்ணுக்கும்னு ஒரு காகிதம் வந்தா அவளை எடுப்பாங்களா? மத்தியானத்துக்கு மேல போனதையெல்லாம் கழுவி விட்டுட்டேன். எனக்கு ரிசல்ட்டே வரலன்னா அவளை யாரும் கூப்பிட மாட்டாங்கல்ல.

– அதுக்காக உங்க கை போனாலும் பரவாயில்லையா?

– எனக்கு ஸ்டோர் ரூம் போதும். அவ நல்லா இருக்கட்டும். நீ மட்டும் அவகிட்ட மூச்சு விடாதே.

– மூச்சு விடாதேன்னு அவளும்தான் எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா. ரெண்டு மாசமா அவளுக்கும் கால் இழுத்துக்கிட்டு இருக்குங்க. வேற டாக்டர்கிட்ட காட்டினா, அவளுக்கும் இதே டெஸ்ட்டைத்தான் எழுதினாரு. நேத்து முழுக்க கதவைச் சாத்திக்கிட்டு அவளே பிடிச்சா, இன்னைக்குக் காலையில அவ பேரு போட்ட கேனைத்தான் நான் லேப்ல கொடுத்துட்டு வந்தேன்.