ஓரம் மட்டும் ஒட்டிய கண்ணாடி

போனுக்குக் கண்ணாடி ஒட்டுவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இருந்ததில்லை. கீழே போடாமல் வைத்துக்கொள்ளத் தெரிந்தவனுக்கு அது எதற்கு என்று நினைக்கிறவன் நான். என் போனில் இன்றுவரை ஒட்டவில்லை, ஒரு கீறலும் கிடையாது. சுப்ரியாவின் போன் விஷயம் வேறு. அதில் கண்ணாடி ஒட்டியது யார் என்று, அவள் கைக்குப் பயிற்சி கொடுத்த ஷிஜி கேட்டபோது நான் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறது. பொறுமையாகக் கேட்டால் உங்களுக்கே புரியும்.

என் பெயர் சுந்தரராமன். இன்ஷூரன்ஸ் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றவன், இந்த மலையாளத்து ஊரில், வலியசாலை அக்ரஹாரத்தில் சொந்த வீடு. சுப்ரியா என் மனைவி, என்னைவிட நன்றாகவே இளையவள். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. விழிஞ்ஞத்தில் புதுத் துறைமுகம் வந்தபிறகு, அங்கே ஒரு சரக்குக் கம்பெனியில் அவளுக்குப் பெரிய பொறுப்பு கிடைத்தது. தானே கார் ஓட்டிக்கொண்டு போவாள். திரும்பி வந்தால் சாப்பாட்டைவிடக் கப்பல்தான் அதிகம் வாயில் இருக்கும். எது கரைக்கு வந்தது, எது மழையில் வெளியே நிற்கிறது, எந்தக் கேப்டன் சண்டை போட்டான் என்று நெருங்கிய உறவுக்காரர்களைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லுவாள். நான் கேட்டுக்கொண்டே பரிமாறுவேன்.

என்னிடம் ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அவள் வர நேரமானால் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. கூடத்திலிருந்து வாசலுக்கும் வாசலிலிருந்து கூடத்துக்குமாக நடப்பேன். போன் பண்ணினால் எடுக்கமாட்டாள், எடுத்தால் பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்கும். நடை இன்னும் கூடும். தரை தேஞ்சு போயிடுமாக்கும் என்று வந்ததும் கேலி செய்வாள். நானும் சிரிப்பேன். ஆனால் அந்த நடையில் எனக்கு என்ன பாடு என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

போன சித்திரையில் ஆபீசிலேயே அவளுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, காலும் சீக்கிரமே திரும்பிவிட்டது. வலது கை மட்டும் மடியில் கிடந்தது. நான் தலை வாரிவிட்டேன், சாதம் பிசைந்து ஊட்டினேன், புடவைக் கொசுவம் வைக்கக்கூடக் கற்றுக்கொண்டேன். இடது கையால் டம்ளர் பிடிக்கவும் போனில் தட்டவும் அவளே பழகிக்கொண்டாள். மற்றதற்கெல்லாம் 'ஏன்னா' என்று ஒரு குரல் வரும். அந்த மாதங்களில் நான் ஒருமுறைகூட வாசலுக்கும் கூடத்துக்கும் நடக்கவில்லை. எங்கள் கல்யாண வாழ்க்கையில் நல்ல காலம் எது என்று கேட்டால், கூச்சமில்லாமல் அதைத்தான் சொல்வேன்.

கைக்குப் பயிற்சி கொடுக்க வந்தவள்தான் ஷிஜி. பிசியோதெரபிஸ்ட், கெட்டிக்காரப் பெண். சுப்ரியாவின் போனைப் பார்த்ததும் அவளுக்கு ஒரே சந்தோஷம். அது பழைய மாடல். விரல் தொடுவதை மட்டுமல்ல, எவ்வளவு பலமாக அழுத்துகிறது என்பதையும் அதன் திரை கண்டுகொள்ளும். இப்போது வரும் போன்களில் அது இல்லையாம். ஷிஜி அதில் ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்தாள். திரையில் விரலை வைத்து அழுத்தினால் ஒரு வட்டம் தோன்றும். அழுத்த அழுத்தப் பெரிதாகும். சுற்றிலும் ஒரு வெளிக்கோடு. வட்டம் அந்தக் கோட்டைத் தொட்டுவிட்டால் ஸ்டியரிங் பிடிக்கலாம், ஆபீசுக்குப் போகலாம் என்று ஷிஜி சொல்லிவைத்தாள். கம்பெனியும் புது வருஷம்வரை அவள் நாற்காலியைக் காலியாகவே வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தது.

சுப்ரியா விடவில்லை. காப்பி ஆறிப்போகும், அவள் அழுத்திக்கொண்டிருப்பாள். முதலில் மிளகளவு இருந்த வட்டம் குட்டி அப்பளம் அளவுக்கு வந்தது. ஆவணி கழிவதற்குள் வெளிக்கோட்டுக்கும் அதற்கும் நடுவில் ஒரு நூலிழைதான் இருந்தது. அவள் போனைத் தூக்கி என் முகத்துக்கு நேரே காட்டினாள்.

"பாத்தேளா? இனி கொஞ்சம்தான். தீபாவளிக்கு நான் விழிஞ்ஞத்துலயாக்கும்."

எனக்கு சந்தோஷமாகத்தான் இருந்தது. பாயசம் வைத்தேன். பாயசத்தைக் கிளறிக்கொண்டிருக்கும்போதே கால்கள் சும்மா நிற்கவில்லை. அவள் எங்கேயும் போகவில்லை, கூடத்திலேதான் இருக்கிறாள், ஆனாலும் அடுப்புக்கும் வாசலுக்குமாக நான் நடந்துகொண்டிருந்தேன். பாயசம் அடிப்பிடித்துவிட்டது.

அந்த வாரமே போன் அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது. ஓரத்தில் ஒரு கீறல். இதை நான் தள்ளிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம், தானாக விழுந்ததுதான். கண்ணாடி ஒட்ட, கிழக்கேகோட்டையில் ஸ்ரீஜித்தின் போன் கடைக்குக் கொண்டுபோனேன். கண்ணாடியை எடுத்து வைத்தவன் ஒட்டாமல் என்னைப் பார்த்தான்.

"சாரே, இது பழைய செட்டு அல்லே? இந்தக் கிளாஸுக்கு ஓரத்துல மட்டுந்தான் பசை. தொட்டா வேலை செய்யும், அமுக்கினா அவ்வளவும் உள்ளே போகாது. முழுப் பசை உள்ளது நாளைக்கு வரும்."

இன்றைக்கு இருப்பதே போதும் என்றேன். நாளைக்கு மறுபடியும் யார் பஸ் பிடித்து வருவது என்பதைத் தவிர வேறு எதுவும் அப்போது என் மனதில் இல்லை. இருந்ததாக எனக்கு நினைவில்லை.

அன்று சாயங்காலம் வட்டம் பாதியிலேயே நின்றுவிட்டது. சுப்ரியா நகம் வெளுக்கும்வரை அழுத்தினாள். கையை உதறிவிட்டு மறுபடியும் அழுத்தினாள். அவள் முகம் சுண்டிப்போனதை நான் பார்த்தேன். ஸ்ரீஜித் சொன்னதைச் சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தேன். வந்தது வேறு. இன்றைக்கு உனக்குக் களைப்பாக இருக்கும் என்றேன். அது பொய்யில்லை, அவள் களைத்துத்தான் இருந்தாள்.

மறுநாள் ஸ்ரீஜித் போன் செய்தான், முழுப் பசைக் கண்ணாடி வந்துவிட்டதாம். வேண்டாம், இதுவே நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

ஷிஜி குழம்பினாள். தன் விரல்களைப் பிடித்து நெரிக்கச் சொல்லிப் பார்த்தாள். பிடி நன்றாகத்தானே இருக்கிறது சேச்சி என்றாள். சுப்ரியா நம்பவில்லை. வாழ்க்கை முழுக்கத் திரையில் தெரிவதை நம்பியே வேலை பார்த்தவள் அவள். திரையில் வராத பெட்டி கப்பலிலும் இல்லை என்பாள். சமாதானத்துக்குச் சொல்கிறாய் என்று ஷிஜியின் கையை விட்டுவிட்டாள். ஷிஜிக்கும் நிறைமாதம், அந்த மாதமே லீவில் போய்விட்டாள். வேறு ஒருத்தியை அனுப்பட்டுமா என்று கேட்டாள். கொஞ்ச நாள் ஓய்வு கொடுத்துப் பார்ப்போம் என்றேன். ஓய்வு நல்லதுதானே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விரல் எவ்வளவு பலமாக அழுத்தினால் போதும் என்பதை லேசு, நடுத்தரம், கடினம் என்று மாற்றிவைக்கும் வசதி அந்த போனிலேயே இருக்கிறது. கடினம் என்று மாற்ற ஒரு நிமிஷம்கூட ஆகாது. நான் அதைத் தொடவில்லை. அது ஏமாற்று. கண்ணாடி என்பது பாதுகாப்புக்கு ஒட்டுவது.

விஜயதசமியன்று காலையில் ஒரு சங்கடம் வந்தது. இந்த ஊரில் அன்றைக்குப் பெரியவர்களும் தட்டில் பரப்பிய அரிசியில் விரலால் எழுதுவார்கள். நான் தட்டை இடது கைப் பக்கமாக வைத்தேன். சுப்ரியா கொஞ்ச நேரம் அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வலது கையை மெல்லத் தூக்கிச் சுட்டு விரலை அரிசியில் வைத்தாள். ஹரிஸ்ரீ என்று எழுதினாள். அரிசி விலகிப் பித்தளைத் தட்டின் அடி பளிச்சென்று தெரிந்தது. விரல் தட்டில் உரசும் சத்தம்கூட எனக்குக் கேட்டது. எழுத்து கோணவில்லை, நடுங்கவில்லை.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை மறக்க முடியவில்லை. சின்னக் குழந்தை தப்பு செய்துவிட்டோமா, நன்றாகச் செய்துவிட்டோமா என்று தெரியாமல் பார்க்குமே, அந்த மாதிரி.

"ஏன்னா, இது நன்னா வந்திருக்கே? கை சரியாயிண்டுதான் இருக்கோ என்னமோ?"

என் கால்கள் நடக்கத் தவித்தன. ஆனால் உட்கார்ந்தே பதில் சொன்னேன்.

"அரிசி யார் தொட்டாலும் விலகும், சுப்ரியா. அளந்து சொல்றது போன்தானே?"

அவள் யோசித்தாள். போனை எடுத்து அழுத்தினாள். வட்டம் பாதியில் நின்றது. ஆமாம், சரிதான் என்றாள். தட்டிலிருந்த அரிசியை இடது கையால் தானே சமப்படுத்திவிட்டாள். எழுத்து போய்விட்டது. அந்த அரிசியில்தான் அன்று பாயசம் வைத்தேன், இந்த முறை அடிப்பிடிக்கவில்லை.

அதன்பிறகு அவள் தினமும் அழுத்துவதை விட்டாள். முதலில் என்றைக்காவது ஒருநாள் அழுத்திப் பார்ப்பாள், பிறகு அதுவும் இல்லை. வலது கை பழையபடி மடிக்கு வந்தது. புது வருஷத்துக்கு முன்பே அவளே கம்பெனிக்கு போன் செய்து, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள். என்னிடம் கேட்கக்கூட இல்லை. நான் போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை, இதைக் கவனிக்க வேண்டும். அன்று ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதாள். நான் பக்கத்திலேயே இருந்தேன். கண்ணைத் துடைத்துவிட்டதும் நான்தான்.

மூன்று நாளைக்கு முன் ஷிஜி வந்தாள். வேலைக்குத் திரும்பிவிட்டாளாம், கைக்குழந்தையோடு சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தாள். சுப்ரியா குழந்தையை இடது கையால் அணைத்துக்கொண்டாள். ஷிஜி பேச்சுவாக்கில் போனை எடுத்து அந்தச் செயலியைத் திறந்து, தன் கட்டைவிரலால் அழுத்தினாள். குழந்தையைத் தூக்கிப் பழகிய திடமான கை. வட்டம் பாதிக்கு மேல் போகவில்லை. அவள் போனை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தாள். நகத்தால் ஓரத்தை நெம்பினாள். கண்ணாடி முழுசாகக் கையோடு வந்தது. மறுபடி அழுத்தினாள், வட்டம் வெளிக்கோட்டைத் தாண்டியது.

"இதாரா ஒட்டிச்சது?" என்று கேட்டாள். யார் ஒட்டியது என்று அவள் சுப்ரியாவைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டாள்.

நான் சொல்லவில்லை என்றேனே, அது இந்த இடம்தான். ஆனால் அதற்குப்பிறகு நடந்ததைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். ஷிஜி போனை சுப்ரியாவிடம் கொடுத்து, இப்போது அழுத்துங்கள் சேச்சி என்று கெஞ்சாத குறையாகச் சொன்னாள். சுப்ரியா வேண்டாவெறுப்பாக வலது விரலை எடுத்து வைத்தாள். கண்ணாடி இல்லாத திரை. வட்டம் மிளகளவு வந்து நின்றது.

"மதி ஷிஜி, போதும்" என்றாள். "இது எப்பவும் இப்படித்தான்."

ஷிஜிக்குக் கண் கலங்கிவிட்டது. குழந்தையை வாங்கிக்கொண்டாள். திங்கட்கிழமை முதல் கூப்பிடாவிட்டாலும் வருவேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். வரட்டும். என் கணக்கு எளிமையானது. எடுத்தபிறகும் எந்த வித்தியாசமும் இல்லை என்றால், ஒட்டியபோது மட்டும் அந்தக் கண்ணாடி என்ன கெடுதல் செய்திருக்க முடியும்? அது எடுத்தது கொஞ்சம்தான். மீதியை சுப்ரியாவேதான் விட்டுக்கொடுத்தாள். வட்டம் சின்னதாக இருந்ததை ஷிஜியே தன் கண்ணால் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள்.

இதைச் சொல்லி முடித்ததும் மனம் லேசாகும் என்று நினைத்தேன். இல்லை. இரண்டு நாட்களாக அந்த நடை திரும்பவும் வந்திருக்கிறது. அவள் வீட்டில்தான் இருக்கிறாள், இனி எங்கும் போகப்போவதில்லை, பிறகு எதற்கு நடக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. இதோ, உள்ளேயிருந்து கூப்பிடுகிறாள். இன்று காலையிலிருந்து டம்ளரைத் தூக்க முடியவில்லை என்கிறாள், இடது கையும் கேட்கமாட்டேன் என்கிறதாம். டாக்டர் பார்த்துவிட்டு, அந்தக் கைக்கு ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதுதான் எனக்கும் விளங்கவில்லை. இடது கையை நான் ஒன்றும் செய்யவில்லையே.