சவுரிமுத்துவின் கையெழுத்து

இல்ல சார், நீங்க பத்திரம் எழுதற பெஞ்சுல உக்கார வேணாம், நின்னுக்கறேன். இங்கேர்ந்து பாத்தாதான் ஆட்டோ தெரியுது. அதோ, தூங்குமூஞ்சி மரத்தடியில நிக்குதே, அதுலதான் அப்பா இருக்காரு. கூட இருக்கறது ஆட்டோக்கார சேட்டு அண்ணன். அப்பா பாட்டுக்கு எறங்கி ஜிஎஸ்டி ரோட்டுப் பக்கம் நடந்துட்டாருன்னா பஸ் வர்றது கூடத் தெரியாது. அதான் அந்தப் பக்கமே பாத்துக்கினு பேசறேன். தப்பா நெனைச்சுக்காதீங்க.

இப்ப எத்தனாவது நம்பர் சார் போவுது? ஒம்போதா? நம்மளுது பன்னெண்டு. பத்து மணிக்கெல்லாம் ரிஜிஸ்டர் ஆபீஸ் உள்ள கூப்புட்டுடுவாங்கன்னு சொன்னீங்க. சரி, நீங்க என்ன பண்ணுவீங்க. அண்ணன் தம்பி ஏழு பேரு பாகப்பிரிவினைக்கு உள்ள போயிருக்காங்க, ஏழு பேரும் கையெழுத்துப் போட்டு முடிக்க வேணாமா.

எனக்கு ஒரே பயம் என்னன்னா, அப்பாவுக்கு பதினோரு மணி வரைக்கும்தான். காலைல நல்லா தெளிவா இருப்பாரு. இன்னிக்கு இன்னா கெழம, நான் எந்த ஆபீஸ்ல டைப் அடிக்கறேன், அம்மா எறந்து நாலு வருசம் ஆச்சு, எல்லாம் சொல்லுவாரு. வெயில் ஏற ஏற ஒண்ணொண்ணா போயிடும். மத்தியானம் ஆனா தோல் கம்பெனிக்கு நேரமாச்சுன்னு சட்டைய மாட்டிக்கினு வாசல்ல நிப்பாரு. அந்தக் கம்பெனியிலேர்ந்து நின்னே ஏழு வருசம் ஆவுது.

கேட்டேன் சார், வர்ற வழியிலயே கேட்டேன். ரிஜிஸ்ட்ரார் கேப்பாருன்னு நீங்க சொன்னதெல்லாம் கேட்டேன். பேரு இன்னான்னேன். சவுரிமுத்துன்னாரு. இன்னா சொத்துன்னேன். ஊரப்பாக்கத்துல ஒரு மனை கீதுன்னாரு. யாருக்கு எழுதறேன்னேன். எம் பொண்ணு செல்வமேரிக்குன்னாரு. ஏன் இப்பவே எழுதறேன்னு கேட்டா, மண்ட வேல செய்யாம பூட்டா அவதான என்னப் பாத்துக்கணும், அப்ப என்னால எழுத முடியாதுல்லன்றாரு. சத்தியமா நான் சொல்லிக் குடுக்கல. சேட்டு அண்ணன் வண்டிய ஓட்டிக்கினே திரும்பிப் பாத்தாரு. ஏம்மா, எனுக்கே இவ்ளோ தெளிவா சொல்ல வராதேன்னாரு.

மொதல்ல நான் பவர் எழுதணும்னுதான உங்ககிட்ட வந்தேன். அப்பாவுக்கு முடியாமப் போனா, அவரு பேரால நான் கையெழுத்துப் போட்டு அந்த மனைய வித்து, பகல்ல நான் வேலைக்குப் போறப்ப அவரப் பாத்துக்க ஒரு ஆள் வெக்கலாம்னு. பி.காம் படிச்சிருக்கேன், பவர்னா இன்னான்னு தெரியும்னு வேற பெருமையா சொன்னேன். நீங்க சிரிச்சீங்க. எழுதிக் குடுத்தவருக்கு புத்தி தடுமாறிடுச்சுன்னா அந்தப் பவர் செல்லாதும்மான்னீங்க. நான் வீட்டுக்குப் போற வரைக்கும் அதையே நெனைச்சுக்கினு போனேன். மழை வந்ததும் தானா மடங்கிக்கிற குடைய எதுக்கு சார் காசு குடுத்து வாங்கணும்?

அப்புறம் செங்கல்பட்டு கோர்ட்டுல கார்டியன் மனு போடணும், டாக்டர் சர்டிபிகேட் வேணும், வருசக்கணக்கா ஆவும்னு சொன்னீங்க. அதுக்குத்தான் இந்த செட்டில்மெண்ட். இப்பவே எம் பேருக்கு எழுதிடறது, அவரு இருக்கற வரைக்கும் அனுபவிக்கற உரிமை அவருக்குன்னு ஒரு வரி சேக்கறது. அந்த வரிய மட்டும் ரெண்டு தடவ படிச்சுக் காட்டச் சொன்னாரு. அப்ப நான் உன் வூட்டுல விருந்தாளி இல்லல்ல மேரின்னு கேட்டாரு. இல்லப்பான்னேன்.

பத்தாம் நம்பரா? இன்னும் ரெண்டு.

மணி என்ன சார்? பத்தே முக்காலா. அதோ சேட்டு அண்ணன் டீ வாங்கிக் குடுக்கறாரு. நல்லதாப் போச்சு, கையில டீ இருந்தா எறங்க மாட்டாரு.

எதுக்குமா பயப்படற, கையெழுத்துதான் கல்வெட்டு மாதிரி இருக்கேன்னு சொன்னீங்களே காலைல. நாலு பக்கத்துலயும் ஒரே மாதிரி, கொஞ்சம் கூட ஆடலன்னீங்க. அதக் கேட்டதுலேர்ந்துதான் சார் எனக்கு உக்கார முடியல.

அந்தக் கையெழுத்துக்கு ஒரு கதை இருக்கு. நான் எட்டாவது படிக்கறப்ப அப்பா கைநாட்டுதான். என் ரேங்க் கார்டுல கூட கட்டைவிரல்தான் வெப்பாரு. தோல் கம்பெனி மருந்துல ஊறி அந்த விரல்ல ரேகையே இருக்காது, வெறும் நீலக் கறையா விழும். கிளாஸ்ல பசங்க சிரிப்பாங்க. எனக்கு மானம் போவும். ஒரு லீவுல உக்கார வெச்சு, காலண்டர் பேப்பரத் திருப்பிப் போட்டு, ம. சவுரிமுத்துன்னு நூறு தடவ எழுத வெச்சேன். என் கையெழுத்தப் பாத்துதான எழுதுவாரு, அதனால அப்படியே என்னுது மாதிரியே வந்துச்சு. ச-வுக்குக் கீழ ஒரு வால் இழுப்பேன், டீச்சர் அதுக்குத் திட்டுவாங்க. அப்பாவும் அதே வால இழுப்பாரு. அடுத்த வாரம் கம்பெனியில மை டப்பாவ நீட்டுனதுக்கு, வேணாம் பேனா குடுன்னாராம். எங்க ஊரு பம்மல் பூரா சொல்லிக்கினு திரிஞ்சாரு.

போன ஞாயித்துக்கெழம, பூசைக்குப் போய்ட்டு வந்ததும், அவரு தெளிவா இருக்கற நேரமாப் பாத்துதான் பேனாவக் கையில குடுத்தேன். இன்னா பத்திரம்னு தெரியுது, யாருக்குன்னு தெரியுது, எல்லாம் தெரியுது. பேனாவ வெச்சுக்கினு அந்தக் கோட்டையே பாக்கறாரு. ம வரல. நான் ஒரு பேப்பர்ல எழுதிக் காட்டினேன். ரொம்ப நேரம் பாத்துட்டு பேனாவ என் கையிலயே குடுத்துட்டாரு. இது நீ குடுத்ததுதான மேரி, நீயே வெச்சுக்கன்னாரு.

நாலு பக்கத்துலயும் நான்தான் சார் போட்டேன்.

எந்த பேங்க்லயும் கண்டுபுடிக்க முடியாது. அவருது, என்னுதுன்னு பிரிக்கவே முடியாது. உள்ள ரிஜிஸ்ட்ரார் முன்னாடி கை நடுங்குதுன்னு சொல்லி ரேகை மட்டும் வெச்சுடலாம்னு கணக்குப் போட்டுக்கினுதான் வந்தேன். ஆனா எனக்கு வர்ற சொத்துக்கு நானே கையெழுத்துப் போட்டுட்டு, நாளைக்கு அவருக்கு எப்படி சார் சோறு ஊட்டுவேன்?

அந்தப் பத்திரத்த இப்படிக் குடுங்க, நானே கிழிச்சிடறேன். புதுசா எழுதுங்க. கையெழுத்துன்னு போடாதீங்க, இடது கை பெருவிரல் ரேகைன்னு போடுங்க. கம்பெனிய விட்ட ஏழு வருசத்துல விரல்ல ரேகை திரும்பி வந்துடுச்சு, அது அவருதுதான். புது முத்திரைத்தாள் வாங்கணும், இன்னிக்கு ஆவாது, தெரியும். நாளைக்கு எட்டரைக்கே கூட்டிட்டு வந்துடறேன். நாளைக்கும் காலைல தெளிவா இருப்பாரான்னு மட்டும் கேக்காதீங்க.

பன்னெண்டு கூப்புடறாங்க போல. ஆமா, சவுரிமுத்துன்றாங்க. நீங்களே போய் ஆள் வரலன்னு சொல்லிடுங்க சார்.

ஐயோ, அங்க பாருங்க. பேரு காதுல விழுந்துடுச்சு, டீ கிளாஸ சேட்டு அண்ணன்கிட்ட குடுத்துட்டு கையத் தூக்கறாரு.